"சொன்னா சொன்னதுதான்" என்ற வீட்டில் வளரும் பிள்ளை

கேள்வி:

என் மகனுக்கு 15 வயது. படிப்பில் குறையில்லை. பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதை இதுவரை பெருமையாகத்தான் நினைத்தேன். ஓராண்டாக அவன் பேச்சு மாறிவிட்டது. "கேள்வி கேக்கிறவனை எல்லாம் உள்ளே தூக்கிப் போடணும், நாட்டுக்கு ஒரே ஆள் போதும், அவர் சொல்றதுதான் சட்டம்னு இருக்கணும்" என்கிறான். வகுப்பில் அவன்தான் தலைவன். பேசுகிற பிள்ளைகளின் பெயரை ஆசிரியரிடம் எழுதிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். வீட்டில் 10 வயதுத் தங்கையிடம் "நான் சொன்னா செய்யணும்" என்று கை ஓங்குகிறான்.

என் கணவர் கண்டிப்பானவர். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார். நாங்கள் இருவரும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம். ஒரு வருடமாக அவருக்கு வேலையில் நெருக்கடி. வீட்டில் எப்போதும் ஓர் இறுக்கம். அவர் கண்டிக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. பிள்ளை இப்படிப் பேசுவதற்கு எங்கள் வளர்ப்புதான் காரணமா? இனி அவனை அவன் போக்கில் விட்டுவிட வேண்டுமா? செல்போனைப் பிடுங்கிவிட்டால் சரியாகுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் என் கண் நின்ற இடம் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி: "அவர் கண்டிக்கும்போது நான் குறுக்கே பேசுவதில்லை." அந்த வரிக்குப் பின்னால் வருகிறேன். உங்கள் மகனிடம் நீங்கள் பார்ப்பது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

இதை உளவியலில் அதிகாரவாத மனப்பான்மை என்கிறோம். பிறரை அடக்கி ஆள நினைப்பதுதான் அது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதிதான். கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் பாப் ஆல்டமையர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் இதை மூன்று இழைகளாகப் பிரித்தார். மேலே இருப்பவருக்குக் கேள்வி இல்லாத பணிவு. அந்த மேலிடம் யாரைக் கைகாட்டுகிறதோ அவர்மேல் பாயும் கோபம். வழக்கத்தில் இருப்பதே சரி என்ற பிடிமானம். இந்த மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே உங்கள் மகனின் "மறுபேச்சு இல்லாத" குணத்தையும் தங்கைமேல் ஓங்குகிற கையையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். ஒரே ஏணியில் அவன் மேலே பார்க்கும்போது கை கட்டுகிறான், கீழே பார்க்கும்போது கை ஓங்குகிறான். நீங்கள் பெருமைப்பட்டதும் பயப்படுவதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

ஒன்றை உடனே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 15 வயதில் ஒரு பிள்ளை பேசுவதை வைத்து அவன் இப்படித்தான் ஆவான் என்று முத்திரை குத்த முடியாது. இந்த வயதில் கருத்துகள் சட்டை மாதிரி; போட்டுப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள். கவனிக்க வேண்டியது அவன் நாட்டைப் பற்றிப் பேசுவதை விட, தங்கையிடம் நடந்துகொள்வதைத்தான்.

இனி வளர்ப்புக்கு வருவோம். இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர்கள், ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சி நடந்து முடிந்த அதிர்ச்சியில் இருந்தவர்கள். ஜெர்மானிய மெய்யியலாளர் அடோர்னோவும் கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து 1950-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான, அன்பை நிபந்தனையோடு தருகிற வீட்டில் பிள்ளை தன் கோபத்தைப் பெற்றோர்மேல் காட்ட முடியாமல் விழுங்குகிறது, விழுங்கியதைப் பிறகு பலவீனமானவர்கள்மேல் கக்குகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். ஒரு வினாத்தாளில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துச் சிலரைத் தேர்ந்து நேர்காணலும் செய்தார்கள். அந்த நேர்காணல்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. அதிகாரவாத மதிப்பெண் அதிகம் வாங்கியவர்கள் பெற்றோரைப் பற்றி ஒரே வார்ப்பில் உயர்த்திப் பேசினார்கள். ஒரு குறைகூட வாயில் வரவில்லை. குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களோ நல்லதும் கெட்டதும் கலந்து, ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். "அடி வாங்கி வளர்ந்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம்" என்ற உங்கள் வரியைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. குற்றம் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறீர்கள். அடியினால் நன்றாக இருக்கிறீர்களா, அடியையும் தாண்டி நன்றாக இருக்கிறீர்களா என்பது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆய்வை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வினாத்தாளின் வாக்கியங்கள் எல்லாம் ஒரே திசையில் எழுதப்பட்டிருந்தன. எதற்கும் "ஆம்" சொல்லும் பழக்கம் உள்ளவர் தானாகவே அதிக மதிப்பெண் வாங்கிவிடுவார். நேர்காணல் செய்தவர்கள், எதிரில் இருப்பவர் எழுதிய விடைகளை முன்பே பார்த்திருந்தார்கள். படிப்பு, வருமானம் ஆகியவற்றின் பங்கும் சரியாகப் பிரிக்கப்படவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் கதையைச் சிக்கலாக்கின. பெற்றோரின் மனப்பான்மைக்கும் பிள்ளையின் மனப்பான்மைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது மிதமானது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பிறவிக் குணத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்கின்றன. மாற்றத்தை, புதியதை, குழப்பத்தைத் தாங்கும் திறன் பிள்ளைக்குப் பிள்ளை பிறப்பிலேயே வேறுபடுகிறது. அதே வீட்டில், அதே அப்பாவிடம் வளரும் உங்கள் மகளும் அவனைப் போலவேதான் இருக்கிறாளா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, "எங்கள் வளர்ப்புதான் காரணமா?" என்றால், ஒரு பங்கு. முழுக் காரணம் இல்லை. ஆனால் உங்கள் கைக்குள் இருக்கும் பங்கு அதுதான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

அதற்கு முன் வீட்டுக்கு வெளியே இருப்பதையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் கணவரின் வேலை நெருக்கடியை நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது போகிறபோக்கில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சமூகவியலாளர் மெல்வின் கோன் அமெரிக்காவிலும் இத்தாலியின் டூரின் நகரிலும் தந்தையரின் வேலையையும் அவர்கள் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதையும் ஒப்பிட்டு 1969-இல் எழுதினார். மேலாளரின் கண்காணிப்பிலேயே, சொன்னதை மட்டும் செய்கிற வேலையில் இருப்பவர்கள் பிள்ளையிடம் முதலில் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தார்கள். தானே யோசித்து முடிவெடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சுயமாகச் சிந்திப்பதை எதிர்பார்த்தார்கள். இதில் யாரும் கெட்டவர் இல்லை. தன் உலகத்தில் பிழைக்க எது வேண்டுமோ அதைத்தான் ஒவ்வொரு அப்பாவும் பிள்ளைக்குக் கற்றுத் தருகிறார். மேலதிகாரியிடம் வாய் திறந்தால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவர், வாய் திறக்காமல் இருப்பதையே தற்காப்பாகப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். உங்கள் கணவரின் கண்டிப்பு இந்த ஓராண்டில் கூடியிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மகனின் பேச்சு மாறியதும் அதே ஓராண்டில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பயம் செய்கிற வேலை இது. அமெரிக்காவில் 1920களின் செழிப்பான காலத்தையும் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தையும் ஸ்டீபன் சேல்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். நெருக்கடிக் காலத்தில், கட்டளையும் கட்டுப்பாடும் மிகுந்த திருச்சபைகளை நோக்கி மக்கள் அதிகம் போனார்கள். கேரன் ஸ்டென்னர் 2005-இல் இன்னும் நுணுக்கமாக விளக்கினார்: இந்த மனப்பான்மைக்கான சாய்வு பலரிடம் தூங்கிக்கொண்டே இருக்கும், "நமக்குள் ஒற்றுமை குலைகிறது, எல்லோரும் ஆளுக்கொன்று பேசுகிறார்கள், யாரும் பொறுப்பில் இல்லை" என்ற உணர்வு வரும்போது அது விழித்துக்கொள்ளும். "ஒரே ஆள் போதும்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதை அரசியலாக மட்டும் கேட்காதீர்கள். "இங்கே யாராவது நிலைமையைக் கையில் எடுங்கள்" என்ற குரலாகவும் அது இருக்கலாம். அப்பாவின் வேலை என்ன ஆகும் என்று அவனிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அவனுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பாதி தெரிந்திருக்கும். பாதி தெரிந்திருப்பதுதான் அதிகப் பயம்.

சரி, வீட்டில் எது தவறிப்போகிறது? கண்டிப்பா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். டயானா பாம்ரிண்ட் 1960களில் தொடங்கிய ஆய்வுகளில் பெற்றோரை இரண்டு அளவுகோலால் பார்க்கலாம் என்பது தெளிவானது: எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள், எவ்வளவு காது கொடுக்கிறார்கள். அதிகம் எதிர்பார்த்துக் காது கொடுக்காத வீடு ஒன்று. காது கொடுத்து எதையும் எதிர்பார்க்காத வீடு இன்னொன்று. அதிகம் எதிர்பார்த்து அதே அளவு காதும் கொடுக்கும் வீடுதான் பிள்ளைக்கு நல்லது என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே பதில். அவன் போக்கில் விடாதீர்கள். கண்டிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. காதைத் திறக்கச் சொல்கிறேன்.

ஒரு கட்டளையோடு காரணம் வருகிறதா, அந்தக் கட்டளைக்குப் பிள்ளை மரியாதையாக ஒரு மறுசொல் சொல்ல முடிகிறதா. இந்த இரண்டும்தான் முடிச்சு. காரணம் இல்லாத கட்டளையிலிருந்து பிள்ளை அந்த விதியைக் கற்பதில்லை. யார் சொன்னால் நடக்கும் என்பதைத்தான் கற்கிறது. சொல்கிறவர் அறையை விட்டுப் போனதும் விதியும் போய்விடும். 1939-இல் குர்ட் லெவின் குழுவினர் 10 வயதுச் சிறுவர்களை வைத்துச் செய்த சோதனையில் இதை நேராகவே பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஆணையிட்டு நடத்திய தலைவர் வெளியே போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசி நடத்திய தலைவர் போன பிறகு வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஆணையிடும் குழுவில் எல்லோரும் சேர்ந்து ஒரு பையனைக் குறிவைத்ததும், அவன் வருவதையே நிறுத்தியதும் பதிவாகியிருக்கிறது. மேலே போக வழியில்லாத கோபம் பக்கவாட்டிலும் கீழேயும்தான் போகும். உங்கள் வீட்டில் கீழே இருப்பவள் 10 வயதுப் பெண்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றியவர்களை சாமுவேல், பேர்ல் ஆலினர் தம்பதியர் தேடித் தேடிப் பேசி 1988-இல் நூலாக்கினார்கள். காப்பாற்றியவர்கள் தங்கள் சிறுவயதை நினைவுகூரும்போது, மற்றவர்களை விட அதிகமாக ஒன்றைச் சொன்னார்கள்: தவறு செய்தால் பெற்றோர் காரணம் சொல்லிப் புரியவைப்பார்கள், அடி குறைவு. ஒழுக்கம் இல்லாத வீடுகள் அல்ல அவை.

அடியைப் பற்றி உங்கள் கணவர் கேட்பார் என்பதால் இதையும் சொல்கிறேன். 2016-இல் கெர்ஷாஃபும் கிரோகன்-கேலரும் 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெற்றோர் சாதாரணமாகக் கையால் அடிக்கும் அடியைப் பற்றியது அது. முரட்டுத்தனம், மனநலச் சிக்கல், பெற்றோரோடு விலகல் என்று பாதகமான பக்கத்தில்தான் அடியின் தொடர்பு இருந்தது. நல்ல பக்கத்தில் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் அடி வேலை செய்கிறது என்று ஏன் எல்லோரும் நம்புகிறார்கள்? பிள்ளையின் நடத்தை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மிக மோசமான நாளில்தான் அடிக்கிறோம். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் எப்படியும் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். அந்தப் பெருமை அடிக்குப் போய்விடுகிறது.

இனி செய்ய வேண்டியது. ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்களும் கணவரும் மகனுக்கு இட்ட கட்டளை என்ன, காரணம் சொன்னீர்களா, அவன் என்ன சொன்னான், எப்படி முடிந்தது. ஒரு நாளைக்கு ஏழெட்டு குறித்தால் போதும். வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் நீங்களே திகைப்பீர்கள். பாதிக்கு மேல் காரணம் இருக்காது. அதில் பலவற்றுக்குக் காரணமே கிடையாது என்பதும் தெரியவரும்.

அதை மூன்றாகப் பிரியுங்கள். யாருக்காவது அடிபடும், ஆபத்து வரும், அநியாயம் நடக்கும் என்பவை முதல் கூறு: தங்கைமேல் கை வைக்கக் கூடாது, பொய் சொல்லி வெளியே போகக் கூடாது போன்றவை. வீடு நடப்பதற்காக நாமே வைத்துக்கொண்ட ஏற்பாடுகள் இரண்டாவது: சாப்பாட்டு நேரம், அறையை யார் பெருக்குவது, படிக்கும் நேரம். முழுக்க அவனுடைய சொந்த விஷயங்கள் மூன்றாவது: முடி வெட்டும் விதம், பிடித்த பாட்டு, எந்த நண்பனோடு உட்காருவது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கே முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். "டீச்சர் சரின்னு சொன்னா அடிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், "டீச்சர் சொன்னாலும் தப்பு" என்றுதான் பெரும்பாலான குழந்தைகள் சொல்லும். இந்த வித்தியாசத்தை அழிப்பது நாம்தான். முடி நீளமாக இருப்பதற்கும் தங்கையை அடித்ததற்கும் ஒரே குரலில் கத்தும்போது, இரண்டும் ஒரே குற்றம் என்றாகிவிடுகிறது: பெரியவர் சொன்னதை மீறியது.

முதல் கூறில் ஐந்தாறு விதிகளுக்கு மேல் வைக்காதீர்கள். அவை பேரத்துக்கு வராதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம், அதுவும் அடுத்தவருக்கு என்ன ஆகிறது என்று சொல்லும் காரணம். இரண்டாவது கூறு பேசி மாற்றக்கூடியது. மூன்றாவதில் கையை எடுத்துவிடுங்கள். கஷ்டமாக இருக்கும். ஆனால் பதின்ம வயதுச் சண்டைகளில் பெரும்பங்கு இந்த மூன்றாவது கூறில்தான் நடக்கிறது. அங்கே விட்டுக்கொடுத்தால் முதல் கூறில் உங்கள் சொல்லுக்கு எடை கூடும்.

காரணம் சொல்வதில் தவறிப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அது காரணம் இல்லை, பிரசங்கம். கோபம் உச்சத்தில் இருக்கும்போது சொன்னால் காதில் ஏறாது. அப்போது செயலை மட்டும் நிறுத்துங்கள், காரணத்தை அரை மணி கழித்துச் சொல்லுங்கள். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பது காரணம் ஆகாது. அது இன்னொரு மேலிடத்தைக் காட்டிப் பயமுறுத்துவது. "நீ இப்படிச் செஞ்சா அம்மா உன்கிட்ட பேசவே மாட்டேன்" என்பது அன்பைப் பணயம் வைப்பது; அடி இல்லாமலேயே அடியின் வேலையைச் செய்யும். "நீ கை ஓங்கினதும் அவ கதவுக்குப் பின்னாடி போய் நின்னுட்டா. அரை மணி நேரம் வெளியே வரலை." இது காரணம். மார்ட்டின் ஹாஃப்மன் 1960களிலிருந்து காட்டிவந்தது இதைத்தான்: அடுத்தவர் பட்ட பாட்டைச் சுட்டிக்காட்டும் பேச்சுதான் பிள்ளையின் மனசாட்சிக்குள் போகிறது.

மறுசொல்லுக்கு ஒரு வழி வேண்டும். "எதிர்த்துப் பேசாதே" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "இப்ப செய், ராத்திரி கேள்" என்று வையுங்கள். அவசரத்தில் சொன்னதை முதலில் செய்ய வேண்டும். இரவு அதைப் பற்றி அவன் கேட்கலாம். நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்டு நியாயம் இருந்தால் முடிவை மாற்றுங்கள். பத்துக்கு இரண்டு முறையாவது மாறாவிட்டால் அது வெறும் நாடகம் என்று அவன் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

வாரத்தில் ஒரு நாள் 20 நிமிடம், நால்வரும் உட்காருங்கள். ஒரே ஒரு விஷயம், அதுவும் இரண்டாவது கூறிலிருந்து. சின்னவள் முதலில் பேச வேண்டும், அடுத்து மகன், பிறகு நீங்கள், கடைசியில் அப்பா. இந்த வரிசை முக்கியம். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். எடுத்த முடிவை 7 நாளைக்கு மட்டும் முயன்று பார்ப்பது என்று எழுதி வையுங்கள். இந்தக் கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: பெற்றோர் அதைப் புகார்ப் பெட்டியாக்கிவிடுகிறார்கள். அந்த வாரத்து மதிப்பெண், கெட்ட பழக்கம் எல்லாம் அங்கே வந்து விழும். மூன்றாவது வாரம் பிள்ளைக்குத் தலைவலி வந்துவிடும்.

தண்டனைக்குப் பதிலாகச் சரிசெய்தல். தங்கையின் பொருளை உடைத்தால் ஒட்டித் தர வேண்டும், அல்லது தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கித் தர வேண்டும். மிரட்டினால், அன்று அவள்மேல் அவனுக்கு இருக்கும் பொறுப்பு எல்லாம் ரத்து. "அவளைப் படிக்கச் சொல்", "அவளைக் கூப்பிடு" என்ற வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள். சொல்லப்போனால் அந்த வேலையை நிரந்தரமாகவே அவனிடமிருந்து எடுத்துவிடுவது நல்லது. அண்ணனைக் குட்டி அப்பாவாக்கியது பெரும்பாலும் நாம்தான். தண்டனை தேவைப்பட்டாலும் அது செயலோடு தொடர்புள்ளதாக, முன்பே சொல்லப்பட்டதாக, ஒரு நாளில் முடிவதாக இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள் மோசமாகப் போகும் என்பதை இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அடி இல்லை என்றதும் எல்லை எங்கே என்று தொட்டுப் பார்ப்பான். அடியால் மட்டுமே நிறுத்தப்பட்டுப் பழகியவனுக்குத் தானே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. பெரும்பாலான வீடுகள் இந்த மூன்றாவது வாரத்தில்தான் "பாத்தியா, அடிதான் சரி" என்று பழைய இடத்துக்குத் திரும்புகின்றன.

இப்போது, "நான் குறுக்கே பேசுவதில்லை" என்ற அந்த வரிக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு, 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை அழுத்தினார்கள். 1963-இல் வெளியான முடிவு அது. பலருக்குத் தெரியாதது அதன் இன்னொரு வடிவம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "நான் செய்ய மாட்டேன்" என்று எழுந்துகொண்டபோது, கடைசி வரை போனவர்கள் 40-இல் 4 பேர் மட்டுமே. யாரும் பெரிய உபதேசம் செய்யவில்லை. மறுப்பது சாத்தியம் என்று கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவே. உங்கள் மகன் 15 வருடமாக உங்கள் வீட்டில் அதைப் பார்த்ததில்லை. அப்பா பேசுகிறார், அம்மா தலை குனிகிறார். அதிகாரம் தவறினால் என்ன செய்வது என்று அவனுக்குக் காட்ட ஆள் இல்லை.

நீங்கள் சண்டை போட வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் முன்னால், சாதாரணக் குரலில், சின்ன விஷயத்தில் தொடங்குங்கள்: "நீங்க சொல்றது புரியுது, எனக்கு இதுல வேற கருத்து இருக்கு." அதன் பிறகு வீடு இடிந்து விழவில்லை என்பதை அவன் பார்க்கட்டும். இதைச் செய்வதற்கு முன் கணவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். திடீரென்று பிள்ளை முன்னால் மறுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார், மறுநாள் இரட்டிப்புக் கண்டிப்பு வரும். அவரிடம் "உங்க வளர்ப்பு தப்பு" என்று தொடங்காதீர்கள். "நாம இல்லாத இடத்துல, தப்பான ஆள் ஒருத்தர் அதட்டிச் சொன்னா இவன் அதையும் மறுபேச்சில்லாம செஞ்சிடுவானே" என்று கேளுங்கள். பெரும்பாலான கண்டிப்பான அப்பாக்களுக்கு இந்தக் கேள்வி தைக்கும்; பிள்ளையைக் காப்பாற்றத்தானே அவர் கண்டிக்கிறார். ஒரு நாள் அவர் அளவுக்கு மீறிக் கத்திவிட்டால், "நேத்து நான் கத்தினது தப்பு" என்று மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். மேலே இருப்பவரும் தவறலாம் என்று மேலே இருப்பவரே சொல்வதற்கு ஈடாக வேறு பாடம் இல்லை. மறுத்துப் பேசினால் அவர் கை நீட்டக்கூடியவர் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். அப்போது முதல் வேலை உங்கள் பாதுகாப்பு, அதற்கு நம்பிக்கையான உறவினரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

மகனின் அரசியல் பேச்சுக்கு வாதம் வேண்டாம், கேலி கூடவே கூடாது. எதிர்வாதம் செய்யச் செய்ய அவன் பிடி இறுகும். கேள்வி கேளுங்கள். "எல்லாத்தையும் ஒருத்தரே முடிவு பண்ணினா, அவர் தப்பு பண்ணும்போது யார் சொல்றது?" "நீ எழுதிக் கொடுத்த பேர்ல ஒருத்தன் உண்மையிலேயே பேசாம இருந்திருந்தா, அவன் யார்கிட்ட போய்ச் சொல்லணும்?" ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள், பேச்சை மாற்றுங்கள். நாலு நாள் கழித்து அவனே அதைத் தொடுவான். அவன் யாரை "உள்ளே போடணும்" என்கிறானோ அந்தக் கூட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் ஏதாவது ஒரு வேலை, விளையாட்டோ நாடகமோ, கிடைத்தால் விடாதீர்கள். பெட்டிகுரூவும் டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிற குழுவினரோடு நேரடியாகப் பழகுவது வெறுப்பைக் குறைக்கிறது என்பது உறுதியானது. சமமாக, ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்தால் பலன் இன்னும் கூடுதல்.

வகுப்புத் தலைவன் பதவியைப் பறிக்கச் சொல்ல வேண்டாம். பெயர் எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாகப் பாடம் புரியாதவர்களைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

செல்போனைப் பிடுங்கினால் சரியாகாது. காரணம் சொல்லாமல் பிடுங்கினால், பலம் உள்ளவன் எடுத்துக்கொள்வான் என்று அவன் ஏற்கெனவே நம்புவதை நீங்களே நிரூபித்ததாகும். இரவு ஒரு நேரத்துக்குப் பிறகு வீட்டில் எல்லோருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, ஒரே இடத்தில் வைக்கப்படும் என்று அந்த 20 நிமிடக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். அவன் பார்க்கும் வீடியோக்களில் ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை அவனோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். "இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேளுங்கள்.

தங்கையை அடிப்பது தொடர்ந்தாலோ, விலங்குகளையோ சின்னப் பிள்ளைகளையோ வேண்டுமென்றே துன்புறுத்தினாலோ, ஆயுதம், பழிவாங்கல் என்று திட்டம் போட்டுப் பேசினாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டு ஒதுங்கிப்போனாலோ காத்திருக்காதீர்கள். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இவை இல்லையென்றால் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் குறியுங்கள், முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன்கூட வீட்டுல தனியா இருக்க இப்போ பயமா இருக்கா?" என்று கேளுங்கள். மகன் அரசியலில் என்ன பேசுகிறான் என்பதை விட அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.